பாட்டனார் படத்துக்கு மாலை போதுமா?

சபாக் வட்டாரத்தில் எந்தக் கலியாணத்துக்குச் சென்றாலும், எந்தக் கோயில் விழாவில் உட்கார்ந்தாலும், ஒரு பேச்சு நம் காதில் விழாமற் போவதில்லை. "எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தொண்டு செய்த குடும்பம்" என்பதே அப்பேச்சு. பாட்டனார் தோட்டத்தில் சங்கம் கண்டாராம். தகப்பனார் தமிழ்ப் பள்ளிக்குக் கூரை வேய்ந்தாராம். மெத்தச் சந்தோஷம்! ஆனால், பேரனார் செய்தது யாது என்று கேட்டால், பாட்டனார் படத்துக்கு ஆண்டுதோறும் மாலை இடுகிறார் என்பதே விடையாக வருகின்றது.

தோழர்களே! பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன் ஆகான் என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அங்ஙனமிருக்க, பிறப்பினால் ஒருவன் தொண்டன் ஆகிவிடுவான் என்று மட்டும் எவ்வாறு நம்புகிறோம்? பூசாரியின் மகனுக்குப் பூசாரிப் பட்டம் தானே வருவது அநியாயம் என்றால், தொண்டனின் பேரனுக்குத் தொண்டன் பட்டம் தானே வருவது மட்டும் நியாயமாகுமா? வீட்டையும் நிலத்தையும் உயில் எழுதி வைக்கலாம். தொண்டை உயில் எழுதி வைக்க இயலாது. அதனை ஒவ்வொருவனும் தன் கையால் புதிதாய்ச் செய்தே பெறவேண்டும்.

அப்படியாயின், குடும்பத் தொண்டு என்பதே பொய்யா என்று சிலர் கேட்கலாம். பொய்யன்று. மெய்யான ஒரு குடும்பத்தைக் காட்டுவோம். அதுவும் நம்மைப் போலவே கடல் கடந்து வாழ்ந்த தமிழர் குடும்பம்.

ஒடுக்கப்பட்ட வகுப்பிலே பிறந்த மதுரைப் பிள்ளை என்பார் ரங்கூனில் வணிகத்தால் பெரும் பொருள் ஈட்டினார். ஈட்டியதைக் கல்விக்கும் அறத்துக்கும் வழங்கினார். அவருடைய மருமகர் வாசுதேவப் பிள்ளை, சென்னை நகராட்சி மன்றத்தில் தம் வகுப்பாரின் குரலாய் அமர்ந்தார். அவர் மகள் மீனாம்பாள் 1904ஆம் ஆண்டு ரங்கூனிலே பிறந்தவர். பாட்டனாருக்குச் செல்வமிருந்தது, தகப்பனாருக்குப் பதவியிருந்தது என்று அவ்வம்மையார் வீட்டுக்குள் இருந்துவிடவில்லை. பெண்கள் பொதுமேடை ஏறுவதே அரிதாயிருந்த 1928ஆம் ஆண்டிலேயே சைமன் கமிஷனைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 1938இல் சென்னையில் கூடித் தோழர் ஈ. வெ. ராமசாமிக்குப் 'பெரியார்' என்னும் பட்டத்தை வழங்கிய பெண்கள் மாநாட்டில் முன்னின்றார். அவருடைய கணவர் என். சிவராஜ், அம்பேத்கருடன் நின்று தாழ்த்தப்பட்டோர் பேரவைக்குத் தலைமை தாங்கியவர்; 1945இல் சென்னையின் மேயரானவர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பாட்டனார் செய்ததையே பேத்தி திரும்பச் செய்யவில்லை. அவர் பொருள் கொடுத்தார். இவர் குரல் கொடுத்தார். அவரவர் காலத்தில் எவர் நசுக்கப்பட்டாரோ, அவர் பக்கம் போய் நிற்பதே அக்குடும்பத்தின் சொத்தாயிருந்தது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சபாக்கிலிருந்து கோலசிலாங்கூர் வழியாகத் தெற்கே போகும் சாலை கிள்ளானைச் சேர்கிறது. அக்கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941ஆம் ஆண்டு நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை ஒன்று திரட்டிய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் சிலர் மாண்டனர்.

அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, நோய்க்கு மருந்து, பெண்களின் மானத்துக்குக் காவல், கள்ளுக்கடை மூடல், சங்கம் கூடும் உரிமை. அவற்றுடன் இன்னும் இரண்டு: துரைமார்க்கும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்க்கும் எதிரே சைக்கிளைவிட்டு இறங்காமற் போகும் உரிமை; கொடிய கிராணிகளையும் தண்டல்களையும் நீக்குதல்.

கொடிய கிராணிகள்! இதனை எழுதும் நாமும் ஒரு தோட்டக் கிராணியே. ஆங்கிலத்தில் படித்து, செக்ரோல் எழுதி, மின்விசிறியின் கீழ் அமர்ந்திருப்பவர். எந்த நாற்காலியைப் பார்த்து நம் பாட்டனார் தலைமுறை முறையிட்டதோ, அதே நாற்காலியில் இன்று பேரப்பிள்ளைகளாகிய நாம் உட்கார்ந்திருக்கிறோம். எதிரே நிற்பவர் யார்? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்திலிருந்து நம்மவர் பலர் பட்டணம் போயினர். அவர்கள் இடத்துக்கு வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் வந்திருக்கின்றனர்.

சில மாதங்களுக்கு முன் நடந்ததை மறைக்காமற் சொல்கிறோம். தோட்டப் பாதையில் ஒரு வங்காளத் தொழிலாளி நம்மைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கி ஒதுங்கி நின்றான். இறங்கச் சொன்னவர் எவருமில்லை. அந்தக் கணம் நம் மனத்தில் எழுந்தது வெட்கமன்று, திருப்தியே! வீடு போய்ச் சேர்ந்த பின்னரே 1941 நினைவுக்கு வந்தது. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

"அவர்கள் நம்மவர் அல்லரே, பிழைக்க வந்து போகிறவர்கள்தாமே" என்று சொல்வாருண்டு. ஐயா, நம் பாட்டனாரைப் பற்றியும் துரைமார் இதைத்தானே சொன்னார்கள்! கப்பலேறி வந்த கூலி திரும்பிப் போய்விடுவான், அவனுக்கு உரிமை எதற்கு என்றுதானே கேட்டார்கள்! அந்த வாதம் அன்று பொய்யென்றால், இன்று நம் வாயில் வந்ததனால் மெய்யாகிவிடுமா?

"நாம் சம்பளத்துக்கு உழைப்பவர், நம்மால் ஆவது என்ன?" என்பது அடுத்த சாக்கு. ஆவது உண்டு. செய்த கூடுதல் நேரத்தைச் செக்ரோலில் குறையாமல் எழுதலாம். சம்பளச் சீட்டில் எது எதற்காகப் பிடிக்கப்பட்டது என்று அவனுக்குப் புரியும்படி சொல்லலாம். காய்ச்சலில் கிடப்பவனை மறுநாள் வரை காக்க வைக்காமல் மருத்துவரிடம் அனுப்பலாம். பிறர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதை 1966ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது; அதனை நம் மேசை அறையில் பூட்டிவைக்க மறுக்கலாம். 'டேய்' என்பதை விட்டுப் பெயர் சொல்லி அழைக்கலாம். இவற்றுக்கு மேடை வேண்டாம்; மாலை வேண்டாம்; சற்று முதுகெலும்பு வேண்டும்.

இதனைச் செய்கிறவன் பாட்டனார் பெயர் தெரியாத அநாதையானாலும் அவனே 1941இன் வாரிசு. செய்யாதவன் நாதனுடைய சொந்தப் பேரனேயானாலும் வாரிசு அல்லன்.

பாட்டனார் படத்தைக் கழற்றிவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வீட்டுக் கூடத்தில் வருவோர் காண மாட்டியிருப்பதை எடுத்து, ஆபீஸில் நம் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டுங்கள் என்கிறோம். இனி அவரை நாம் பார்ப்பது போதும். நாம் வேலை செய்வதை அவர் பார்க்கட்டும்.