விற்பவன் நிரூபிக்கட்டும்!

“இயற்கை மூலிகை! தீங்கே கிடையாது!” என்று அமெரிக்கக் கடைகளில் கூவி விற்கிறார்கள். எதை? ஹெம்ப் என்னும் போதை குறைந்த கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் கன்னாபிடியாலை. தூக்கம் வரவில்லையா? இரண்டு சொட்டு விடு! மனக் கவலையா? மிட்டாயாக மெல்லு! 2018 டிசம்பரில் விவசாயச் சட்டம் ஹெம்ப் மீதிருந்த தடையை நீக்கியதும் வியாபாரம் கொழுத்தது.

அதே ஆண்டு ஜூனில் நடந்ததென்ன? இதே பொருளைச் சுத்தமாக்கிச் செய்த எபிடியோலெக்ஸ் என்ற மருந்துக்கு, கொடிய வலிப்பு நோய்கள் இரண்டுக்காக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா அனுமதி தந்தது. கூடவே எச்சரித்தது: கல்லீரல் கெடலாம்; ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே கொடு! ஆஸ்பத்திரியில் எச்சரிக்கை, கடைப் புட்டியில் “தீங்கே கிடையாது”! ஒரே பொருளுக்கு இரண்டு நியாயமா?

“நோயாளிக்குத் தருவது பெரிய அளவு; நாங்கள் விற்பது சொட்டு” என்று வாதிக்கிறார்கள். 2025இல் வெளியான பரிசோதனை இதற்குப் பதில் சொல்கிறது. 201 ஆரோக்கியமான மனிதர்கள், 28 நாள், உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 5 மில்லிகிராம். அந்த இரண்டு வலிப்பு நோய்களுக்குத் தரும் உச்ச அளவில் இது கால் பங்குதான். மருந்து உண்டவர்களில் எட்டுப் பேருக்கு, ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இயல்பான எல்லையைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஏறின. வெற்று மருந்து உண்டவர்களில் ஒருவருக்கும் ஏறவில்லை. அவர்கள் ரத்தத்தைப் பார்க்க டாக்டர்கள் இருந்தார்கள். கடையில் புட்டி வாங்குகிற கூலிக்காரனுக்கு யார் இருக்கிறார்கள்?

சோதிக்க வழியில்லையா? உண்டு! மனித ஈரல் அணுக்களைச் சிறு தகட்டில் வளர்த்து, ரத்தம்போல் திரவத்தை ஓடவிட்டு, மருந்தைச் செலுத்திப் பார்க்கிறது விஞ்ஞானம். 2022இல் இப்படி 870 தகடுகளில் 27 மருந்துகளைச் சோதித்தார்கள். ஈரலைக் கெடுக்கும் மருந்துகளில் 87 சதவிகிதத்தைத் தகடு காட்டிக் கொடுத்தது. நல்ல மருந்து ஒன்றின்மீதும் பழி போடவில்லை. மிருகப் பரிசோதனையில் தேறி 1997இல் சந்தைக்கு வந்த டிராக்ளிடசோன் என்ற நீரிழிவு மருந்து, பலர் ஈரலைத் தின்றபின் 2000இல்தான் விலக்கப்பட்டது. அந்தப் பாடம் போதாதா? 2022 டிசம்பரில் சட்டமும் மிருகச் சோதனைக்குப் பதில் இத்தகைய சோதனைகளுக்கு வழி திறந்தது.

தகடு மட்டுமே கடைசித் தீர்ப்பல்ல. மாதக்கணக்கில் உண்பதையும், வேறு மாத்திரைகளோடு சேர்வதையும் தனியே ஆராய வேண்டும். ஆனால் முதல் காவலையே போடாமல் கதவைத் திறந்துவிடுவது எந்த ஊர் நியாயம்? 2023 ஜனவரியில் இலாகா, “உணவுக்கான பழைய விதிகள் இதற்குப் பொருந்தா, புது வழி வேண்டும்” என்று பொறுப்பை அமெரிக்கக் காங்கிரஸிடம் தள்ளியது. இலாகா கைகாட்டும், காங்கிரஸ் யோசிக்கும், வியாபாரி பணம் எண்ணுவான்!

கேட்பது பெரிதல்ல. விற்பதற்கு முன் சோதனை, செலவு விற்பவனுடையது, சோதிப்பது அவன் கைக்கு எட்டாத பொதுச் சோதனைச்சாலை, முடிவு புட்டியின் மேலேயே அச்சில். சோதனைச்சாலையில் வளர்த்த ஈரல் இருக்கும்போது, உழைக்கிறவன் ஈரலைச் சோதனைச்சாலை ஆக்காதே!