எழுத்துருவும் உடன் வரவேண்டும்

இராசபாளையத்து நூற்பாலை ஒன்றில் பணியாற்றிய என் தந்தையார், தம் தொழிலைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளை 1998ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர் அச்சகம் ஒன்றில் கணினியில் ஏற்றச் செய்தேன். கையெழுத்துப் படியைப் பின்னர்க் கரையான் அரித்தது. கணினிக் கோப்பு இருக்கிறதே என்று கவலையற்றிருந்தேன். பல ஆண்டுகள் கழித்து வேறொரு கணினியில் அதனைத் திறந்தபோது ஒரு தமிழெழுத்தையும் காணவில்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே திரை முழுவதும் நிறைந்திருந்தன. கோப்பு அழியவில்லை, அதனுடன் வந்திருக்க வேண்டிய எழுத்துரு வரவில்லை.

அக்கோப்பு 'பாமினி' எழுத்துருவில் அமைந்தது. அவ்வெழுத்துருவில் ஆங்கிலச் சிறிய 'எம்' இருக்கும் இடத்தில் 'அ' வரையப்பட்டிருக்கும். மெய்யெழுத்தின் புள்ளி, அரைப்புள்ளியின் இடத்தில் இருக்கும். கணினி சேமித்ததோ ஆங்கிலக் குறிகளை மட்டுமே. அன்றைய இணைய இதழ்களும் தத்தமக்கெனத் தனி எழுத்துரு வைத்திருந்தன. படிக்க விரும்பியவர் முதலில் அதனைத் தம் கணினியில் நிறுவ வேண்டும். இக்குழப்பத்தைக் குறைக்க 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்திற்கும் பொதுத்தரம் வகுத்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது.

ஒருங்குறி வந்தபின் எழுத்துருக் கோப்பைப் பற்றிக் கவலை எதற்கு என்பர் சிலர். அவர்கள் கூற்றில் பாதி உண்மை உண்டு. ஒருங்குறியில் எழுதிய பக்கத்திற்குரிய எழுத்துரு கிட்டாவிடினும், கணினியிலுள்ள வேறொரு தமிழ் எழுத்துரு அதனைக் காட்டிவிடும், பொருள் கெடாது. ஆனால் தோற்றம் கெடும். தமிழெழுத்துகளின் அகலம் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறுவதால் வரிகள் உடையும். தலைப்புகள் கட்டத்தை மீறும். தம் கணினியில் அழகாக இருந்த பக்கம் பள்ளிக் கணினியில் சிதைவதைக் கண்டு திகைக்கும் மாணவரை ஆண்டுதோறும் காண்கிறேன்.

ஆதலால் இணையப் பக்கம் அமைப்போர் எழுத்துருக் கோப்பைத் தம் தளத்தின் கோப்புறைக்குள்ளேயே வைத்து, அது இருக்கும் இடத்தைச் சிஎஸ்எஸ் கோப்பில் பிழையின்றிக் குறிக்க வேண்டும் என்பேன். விண்டோஸ் கணினி கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொதுவாகப் பொருட்படுத்தாது. லினக்ஸ் வழங்கி பொருட்படுத்தும். பலர் இடறுவது இவ்விடத்தில்தான். பிற நிறுவனத்தின் வழங்கியிலிருந்து எழுத்துருவை வரவழைப்பது எளிதே. எனினும் இணைப்பு அறுந்தால் அது வாராது. மேலும், பக்கத்தைப் பார்ப்பவரின் இணைய முகவரி அந்நிறுவனத்திற்குச் செல்லும். 2022இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஒன்று இக்காரணம் பற்றியே ஒரு தளத்தார் இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற உரிமமுடைய எழுத்துருக்களைத் தாராளமாக உடன் வைக்கலாம். உரிமக் கோப்பையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

தந்தையாரின் குறிப்புகளை எழுத்துரு மாற்றி மென்பொருளால் ஒருங்குறிக்குக் கொணர்ந்தேன். தலைப்புகள் மட்டும் வேறோர் எழுத்துருவில் இருந்தன. அதன் பெயரை அறிந்தார் எவருமிலர். அத்தலைப்புகள் இன்றும் ஆங்கிலக் குறிகளாகவே நிற்கின்றன.