இரண்டு தெனாரியத்துக்குப் பிறகு

மூச்சுக் கருவி வாங்க நிதி வேண்டுமென்று ஒரு குடும்பம் பங்கு அலுவலகத்தின் படியேறும்போது, நம்மவர் முதலில் கேட்பது, "பிள்ளையின் படம் இருக்கிறதா?" என்பதே. குழாய் செருகிய முகமும் அழும் தாயும் கண்ணில் படாதவரை நம் கை பைக்குள் நுழைவதில்லை. நோயுற்ற குழந்தையின் மானத்தை விலையாகப் பெற்றுக்கொண்டு கொடுக்கும் காசுக்கு ஈகை என்று பெயரா? கொடுப்பவர் எக்காளம் ஊதவேண்டாம் என்றவர், பெறுபவரை ஊதச் சொன்னாரா?

2021-ஆம் ஆண்டில் முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோயைப் பற்றித் தமிழகமெங்கும் பேச்சாயிற்று. ஒரே ஊசிக்கு ஏறத்தாழ 16 கோடி ரூபாய்! மக்கள் அள்ளிக் கொடுத்தனர். நடுவண் அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது. போற்றுகிறோம். ஆனால் செய்தியாகாத பிள்ளைகளின் கதை வேறு. இந்நோயின் கொடிய வகையில் விலாத் தசைகள் தளர்ந்துவிட, குழந்தை உதரவிதானம் ஒன்றையே நம்பி வயிற்றால் மூச்சு விடுகிறது. இருமவும் வலுவில்லை, சளியைக் கருவி கொண்டு உறிஞ்சி எடுக்கவேண்டும். உறங்கும் வேளையில் 'பைபேப்' என்னும் கருவி, மூச்சை இழுக்கும்போது கூடுதல் அழுத்தத்திலும் விடும்போது குறைந்த அழுத்தத்திலும், முகமூடி வழியே காற்றைச் செலுத்தித் துணைநிற்கிறது. அதை வாங்கியதோடு செலவு ஓய்வதில்லை. முகம் வளர வளர மூடியை மாற்றவேண்டும். குழாயும் வடிகட்டியும் தேயும். மின்தடை நமக்கு விசிறி நின்ற எரிச்சல். அவ்வீட்டாருக்கோ மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்னும் கணக்கு.

அரசுக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலோடு நின்றுவிடுகிறது. அரிய நோய்களுக்கான 2021-ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கை, 2022-இல் திருத்தப்பட்டபின், அதற்கென அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்களின் வழியாக 50 இலட்சம் ரூபாய் வரை உதவ வழிசெய்கிறது. இதைப் பெற்றோருக்கு எடுத்துச்சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கப் படித்த இளைஞர் நம் பங்குகளில் இல்லையா?

சமாரியர் ஈந்த இரண்டு தெனாரியத்தைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரை கேட்கிறோம். மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக அவர் விடுதிக்காரரிடம் வாக்களித்ததை (லூக் 10:35) ஏனோ விரைந்து கடந்துவிடுகிறோம். நமது ஈகை முதல் நாளோடு முடிந்து, கருவியின்மேல் 'உபயம்' என்று பெயர் பொறிக்கத் துடிக்கிறது. எங்கே பொறிப்பது, குழந்தையின் முகமூடியிலா?

"பிழைக்காத பிள்ளைக்கு ஏன் இத்தனை செலவு? திருச்சபையே கட்டாயப்படுத்தவில்லையே!" என்பாரும் உளர். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-இல் மயக்கவியல் மருத்துவருக்கு ஆற்றிய உரையை அவர்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அளவுமீறிய வழிமுறைகளைக் கையாளும் கடமை இல்லை என்று அவர் கூறியது மெய்யே. ஆனால் அது நோயாளியின் தோள்மீதும் குடும்பத்தின் தோள்மீதும் தாங்கவொண்ணாச் சுமை ஏறாதிருக்கக் கூறியது; அயலாரின் பணப்பைக்குப் பூட்டுப்போட அன்று. அச்சுமையை நாம் பகிர்ந்துகொண்டால் அது தாங்கக்கூடியதாகிவிடுமே!

பணம் இல்லையாம். கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குத் தோரணத்துக்கும் வீட்டுவரி வசூலித்தது யார்? நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் புனித அம்புரோஸ், கைதிகளை மீட்கத் திருக்கலங்களையே உருக்கினார். அவரைக் குறைகூறியவரும் இருந்தனர். நாம் கலத்தைக் கேட்கவில்லை, வெடியைத்தான் கேட்கிறோம்.

திருவிழாக் கணக்கு வாசிக்கும் நாளில் வாணவேடிக்கைத் தொகையைச் செவிகொடுத்துக் கேளுங்கள். அதில் பாதியை ஒதுக்கி, பங்கின் பெயரில் கருவியொன்றை வாங்கி, தேவைப்படும் வீட்டுக்குக் கொடுத்து, தேவை முடிந்தபின் மருத்துவர் சொற்படி தூய்மைசெய்து மறுவீட்டுக்கு அனுப்பலாம். மூடிக்கும் மின்கலத்துக்கும் மாதந்தோறும் சிறுதொகை வரட்டும். எந்தச் சமயத்துப் பிள்ளை என்று கேட்கவேண்டாம், படமும் வேண்டாம். அடுத்த பங்குப் பேரவையில் இதை எழுந்து முன்மொழியப்போவது யார்?