பொது இணைப்பும் இலாகாக் கடமையும்

புத்தலப்பட்டுப் பகுதியிலிருந்து திருப்பதி சென்று திரும்பும் ஆசிரியரும் கள ஊழியரும், ரயில் நிலையத்து இலவச வைஃபை வழியே அன்றைய விவரங்களை அனுப்பிவிட எண்ணுதல் இயல்பே. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளுடன் கூடி ரெயில்டெல் தொடங்கிய இச்சேவை இன்று 6,000-க்கு மேற்பட்ட நிலையங்களில் உள்ளது, பயன் மிக்கதே. ஆயினும் அதே பெயரில் போலி இணைப்பொன்றை அருகிலிருக்கும் எவரும் அமைக்கக்கூடும். முன்னர் இணைந்த கைப்பேசியோ பெயரொற்றுமை கண்டு தானாகவே அதில் சேர்ந்துவிடலாம். உலாவிகள் சில காட்டும் பூட்டுக்குறி, செய்தி வழியில் மறைத்து அனுப்பப்படுவதையே குறிக்கும். தளம் நாணயமானது என்பதற்கு அது சான்றன்று. ஆகவே, மாணவர் விவரங்களும் பணப் பரிமாற்றமும் சொந்தத் தரவு இணைப்பிலேயே நடத்தத்தக்கவை. இயலாவிடில், தானாக இணையும் வசதியை நிறுத்தி, தளத்தின் முகவரியை எழுத்தெழுத்தாக நோக்குக. எச்சரிக்கைச் சுற்றறிக்கை மட்டும் போதாது. அன்றன்றே பதிவேற்றுமாறு பணிக்கும் இலாகாவே அத்தரவுச் செலவையும் ஏற்றல் வேண்டும்.