கிணற்று நீருக்கும் விலை உண்டு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லாமையால், மாரியில் பெய்து சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளில் இறங்கித் தங்கும் மழைநீரே சாவகச்சேரி உள்ளிட்ட தென்மராட்சியின் கிணறுகளை நிரப்புகிறது. அடியிலுள்ள உவர்நீரைவிட அடர்த்தி குறைந்த இந்நீர் அதன்மேல் மிதந்து நிற்பதை நிலநீரியலாளர் நன்னீர் வில்லை என்பர். கடல்மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் ஓரடி தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் ஏறக்குறைய நாற்பதடி மேலேறக்கூடும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. துலா மிதித்து இறைத்த காலத்தில் உடலுழைப்பே நீர்ப் பாவனைக்கு எல்லையாக இருந்தது. மின்மோட்டார் அந்த எல்லையை நீக்கிவிட, கூரைமேல் தாங்கி நிரம்பி வழிவதும் மலசலகூடத் தொட்டி ஓயாமல் கசிவதும், பட்டியல் வராத காரணத்தால், எவருக்கும் செலவாகத் தோன்றுவதில்லை.

அச்செலவு எவ்வளவு என்பதைக் குடாநாட்டின் கரையோர ஊரான தாளையடி காட்டுகிறது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தை அங்குள்ள விவசாயிகள் எதிர்த்தமையால், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கடல்நீரை உயர் அழுத்தத்தில் சவ்வினூடாகச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் இம்முறையில், ஓர் அலகு நீருக்கு, அதாவது 1,000 லீற்றருக்கு, பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகிறது. கிணறு உவர்த்த வீடு நாளை நம்பவேண்டிய நீர் இதுவே.

குழாய்நீருக்கான கட்டணத்தைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2022 இலும் 2023 இலும் உயர்த்தியது. பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறும் படிமுறைக் கட்டணம் சிக்கனத்தை ஊக்குவிப்பதால் ஏற்கத்தக்கது. ஆனால் எவ்வளவு குறைவாகப் பாவித்தாலும் அறவிடப்படும் மாதாந்தச் சேவைக் கட்டணத்தை உயர்த்துவது, சிக்கனமாக வாழும் ஏழைக் குடும்பத்தைத் தண்டிப்பதாகும்.

கட்டணத்தைவிட முக்கியமானது நிலத்தடி நீரை மீள நிரப்புவது. 100 சதுரமீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 லீற்றர் நீர் விழுகிறது. அதைப் பீலியால் சேர்த்து, மணலும் சரளையும் இட்ட குழியில் வடித்து நிலத்துக்குள் இறக்கலாம். சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் அழுக்கையும் தடையின்றிக் கடத்துவதால், அக்குழி மலசலகூடக் குழிக்கு அருகில் அமையக்கூடாது. புதிய வீடுகளுக்குக் கட்டட அனுமதி வழங்கும்போது சாவகச்சேரி நகரசபை இத்தகைய மழைநீர்க் குழியை நிபந்தனையாக்கி, அடுத்த மாரிக்கு முன் நடைமுறைப்படுத்த வேண்டும்.