ஞாபகார்த்த நிதி

ஒருசாலை மாணாக்கராய் எம்முடன் தமிழ் பயின்ற ஆசிரியர் ஒருவர் சென்ற தை மாதத்திற் காலமானார். அவர் பெயரை இங்கு எழுதேன். தம் பெயர் அச்சேறுவதை அவர் ஒருபோதும் விரும்பியவரல்லர். வன்னியிலே சிறு பாடசாலையொன்றிற் கற்பித்தார். பிற்பகல்தோறும் தம் வீட்டு விறாந்தையிற் பிள்ளைகளை இருத்தி இலக்கணஞ் சொல்லிக்கொடுத்தார். அதற்காக ஒரு சதமேனும் பெற்றாரல்லர்.

அந்தியேட்டி நாளன்று கல்வெட்டு வெளியிடப்பெற்றது. யானும் அதிற் சரமகவி பாடியிருந்தேன். அன்று மாலையே அவர் பேரால் ஞாபகார்த்த நிதியொன்று தொடங்குவதெனச் சகபாடிகள் தீர்மானித்தோம். கொழும்பிலும் மட்டக்களப்பிலும் உள்ளோர் மாத்திரமன்றி, கனடாவிலும் இலண்டனிலும் வாழ்வோரும் மனமுவந்து பணம் அனுப்பினர். பொருளாளர் பொறுப்பு என்பால் வந்தது. இதுகாறும் நன்றே.

பணம் சேர்ந்த பின்னரே கருத்து வேற்றுமை தோன்றிற்று. பாடசாலை வாயிலிற் சிலை நாட்டல் வேண்டும் என்றார் ஒருவர். வண்ணப்படங்களோடு மலர் வெளியிடல் வேண்டும் என்றார் மற்றொருவர். முழுத்தொகையையும் வங்கியில் இட்டு, வட்டியிலிருந்து ஆண்டுதோறும் பொற்பதக்கம் வழங்குவோம் என்றார் பிறிதொருவர். மூவரும் அன்பினாலேயே பேசினர். ஆயினும் அன்புடைமை வேறு, ஆராய்வுடைமை வேறு.

யான் அன்று வாய்திறவாதிருந்தேன். அதற்குக் காரணம் உண்டு. இறப்பதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர் அவர் எனக்கொரு கடிதம் எழுதியிருந்தார். சிறுநீரக நோயால் வாரம் இருமுறை வைத்தியசாலைக்குச் சென்றுவந்த காலம் அது. தம் நோயைப் பற்றி ஒரு வரியே எழுதியவர், மிகுதி முழுவதும் இரு மாணவரைப் பற்றியே எழுதியிருந்தார். அவர்கட்கு நாவலரின் நன்னூற் காண்டிகையுரை வேண்டும், என்னிடமுள்ள இரண்டாம் பிரதியை அனுப்புக என்பதே வேண்டுகோள். அடுத்த கிழமை அனுப்புவோம் என்றிருந்தேன். கிழமைகள் கழிந்தன. செய்தி வந்தபோது நூல் என் மேசைமீதே கிடந்தது. உயிரோடிருந்தபோது ஒரு நூல் அனுப்பாத கை, இறந்தபின் சரமகவி எழுதிற்று.

ஒருசாலை மாணாக்கர் கடமை யாதென்பதற்கு நம் தமிழுலகிலேயே சான்றுண்டு. தியாகராச செட்டியாரும் உ. வே. சாமிநாதையரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாடங் கேட்டவர்கள். செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பதவியிலிருந்து 1880 இல் நீங்கியபோது, முயன்று அவ்விடத்தில் ஐயரை அமர்த்தினார். பிற்காலத்தில் ஐயர் செட்டியாரின் சரித்திரத்தைத் தனிநூலாக எழுதினார். முன்னவர் வாழும்போதே உதவினார். பின்னவர் தம் உழைப்பால் அக்கடன் தீர்த்தார்.

இனி நிதியைப் பற்றி என் கருத்தைக் கூறுவேன். சிலை, தாம் கற்பித்த பிள்ளைகளைத் தவிர வேறெதனையும் தமதென்று கொள்ளாத ஒருவரைக் கல்லாக்கி வாயிலில் நிறுத்தும். மலர் ஒருநாள் விழாவோடு அலுமாரி சேரும். வட்டியால் வரும் பதக்கமோ காலத்தால் தேய்வது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாயிற்று. முன்னை ஆண்டில் 100 ரூபா கொடுத்து வாங்கிய பண்டங்களுக்கு அவ்வாண்டில் ஏறக்குறைய 170 ரூபா வேண்டியதாயிற்று. வங்கியிலிட்ட முதலோ எண்ணளவில் மாறாதிருக்க, அதன் பயன் சுருங்கிற்று. பொற்பதக்கம் என்று பேர்பெற்றது பின்னர்ப் பூச்சுப் பதக்கமாவதை யாம் அறியோமா?

கிணறு ஒருமுறை வெட்டினாற் போதாது. ஆண்டுதோறும் கலக்கி இறைத்தாலன்றி நல்ல நீர் ஊறாது. நிதியும் அத்தகையதே. ஆதலின் சேர்ந்த முதலிற் பெரும்பகுதியை இப்போதே நூல்களுக்கும், வறிய மாணவரின் பரீட்சைக்காலப் போக்குவரத்திற்கும் செலவிடல் வேண்டும். அவருடைய திதிதோறும் ஒவ்வொரு சகபாடியும் தம்மால் இயன்றதைக் கொடுத்து நிதியைப் புதுப்பித்தல் வேண்டும். வங்கிக் கணக்கு இருவர் கையொப்பத்தாலேயே இயங்குதல் வேண்டும். ஐந்து ரூபா கொடுத்தவருக்கும் ஆண்டுக் கணக்கு அனுப்பப்படல் வேண்டும். உதவி பெறும் பிள்ளையை மேடையேற்றிப் படம்பிடித்தல் அறவே ஆகாது. எம் நண்பர் விறாந்தையில் எந்தப் பிள்ளையும் அவ்வாறு நாணியதில்லை.

இக்கருத்தைச் சகபாடிகளுக்குக் கடிதமாக எழுதியபோது அந்த நூற்செய்தியையும் மறையாது எழுதினேன். சிலை வேண்டியவரே முதலில் இசைந்தார். தாமும் நோயுற்ற நண்பரைப் பார்க்கச் செல்லாது நாட்கடத்தியதாக அவர் மறுமொழியில் எழுதியிருந்தார்.

காண்டிகையுரையை நிதிப் பணத்தில் வாங்கவில்லை. என் பிரதியையே சென்ற மாதம் அம்மாணவர் இருவரிடமும் நேரிற் கொண்டுசென்று கொடுத்தேன். அது நிதிக் கணக்கிற் சேராது. என் கடன் கணக்கிற் சேர்வது. இதனைப் படிக்கும் அன்பர்களுக்கும் நோயுற்ற சகபாடி ஒருவர் எங்கேனும் இருத்தல் கூடும். அவருக்குரியதை இக்கிழமையே அனுப்புக.