குலுக்கலில் விழுந்த ஒன்பதாவது மாடி

தெலங்கானா அரசு ஏழைகளுக்குக் கட்டிய டபுள் பெட்ரூம் வீடு கிடைத்தும் குடிவராதவர்களின் ஒதுக்கீட்டை ரத்து செய்வோம் என்ற எச்சரிக்கை ஹைதராபாதில் மறுபடியும் மறுபடியும் ஒலிக்கிறது. நகருக்கு வெளியே உள்ள கொல்லூர் குடியிருப்பின் பூட்டிய கதவுகளைக் காட்டி, ஏழைகளுக்கு வீட்டின் அருமை தெரியவில்லை என்று பேசவும் சிலர் துணிந்துவிட்டார்கள். பூட்டை எண்ணுவதற்கு முன்னால் பூட்டுக்கு உரியவரின் வயதைக் கேட்டிருக்க வேண்டும். முழங்கால் தேய்ந்த எழுபது வயதுக்காரருக்கு, வாழ்ந்த பஸ்தி என்ற ஏழைக் குடியிருப்பிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், ஒன்பதாவது மாடியில் வீட்டைக் கொடுத்தது யார்? கம்ப்யூட்டர் குலுக்கல் என்பார்கள். குலுக்கச் சொன்னவர்கள் மனிதர்கள்.

2023 ஜூன் 22 அன்று கொல்லூர் குடியிருப்பு திறக்கப்பட்டது. 124 ஏக்கர், 117 பிளாக், 15,660 வீடுகள். ஒவ்வொன்றும் 560 சதுர அடி. ஒன்பது, பத்து, பதினொன்று என்று உயரும் மாடிகள். மாநகராட்சி எல்லைக்குள்ளிருந்து வந்து குவிந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து, தேசியத் தகவலியல் மையத்தின் மென்பொருளைக் கொண்டு ஆகஸ்டில் பயனாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். நகரைச் சுற்றிக் கட்டப்பட்டவற்றில் 11,700 வீடுகள் முதல் தவணையாக செப்டம்பர் 2 அன்று வழங்கப்பட்டன. தரகர் கைக்கும் கட்சிக்காரர் சிபாரிசுக்கும் இடம் கொடுக்காததற்காக அந்தக் குலுக்கலைப் பாராட்டவே வேண்டும். யாருக்கு வீடு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கட்டும். எந்த மூலையில், எந்த மாடியில் என்பதையும் அதனிடமே ஒப்படைத்ததுதான் அநியாயம். பட்டியல் சாதியினருக்கு 10, பழங்குடியினருக்கு 6, மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு என்று ஒதுக்கீடு உண்டு. முதுமை என்ற சொல் அந்தக் கணக்கில் இல்லை.

ஒன்பதாவது மாடியில் ஒரு முதியவரின் வாழ்க்கை முழுவதும் லிஃப்டை நம்பித் தொங்குகிறது. அது ஓடினால் அவர் உலகத்தில் இருக்கிறார். நின்றால் நின்ற நாள் முழுக்க வீட்டுக்குள்தான். மின்சாரம் போனாலும், பழுதுபார்க்க ஆள் வரத் தாமதமானாலும், பராமரிப்புப் பணம் சேராமல் போனாலும் இதே நிலைமைதான். இளைஞன் முணுமுணுத்துக்கொண்டே படியேறிவிடுவான். சர்க்கரை நோயும் மூட்டுவலியும் உள்ளவர் பாலுக்கும் மாத்திரைக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கெஞ்ச வேண்டும். நெஞ்சுவலி வந்த இரவில் 108 ஆம்புலன்ஸ் கீழே வந்து நிற்கும். சாதாரணக் குடியிருப்பு லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சரைப் படுக்கை வாக்கில் நுழைக்க முடியாது. நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்க நான்கு பேர் வேண்டும். அந்த நான்கு பேரை ஒருவர் நாற்பது வருடம் ஒரே தெருவில் வாழ்ந்து சம்பாதித்திருப்பார். குலுக்கல் அவர்களை நான்கு திசைக்கும் பிரித்து அனுப்பிவிட்டது.

பராமரிப்புக்கான பணமும் யூகத்தின் மேல்தான் நிற்கிறது. வளாகத்துக் கடைகளின் வாடகையிலிருந்து லிஃப்டையும் பொது வசதிகளையும் நடத்திக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கடை ஓட ஆள் குடியேற வேண்டும். ஆள் குடியேற லிஃப்ட் ஓட வேண்டும்.

முதியவருக்குக் கீழ் மாடி என்பது யாருக்கும் தோன்றாத புதுமை அல்ல. மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் உள்ள குடும்பங்களுக்குத் தரைத்தளத்தையோ கீழ் மாடிகளையோ கொடுப்பது நல்லது என்று மத்திய அரசின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்ட நெறிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். விண்ணப்பத்தோடு ஆதார் இருக்கிறது. ஆதாரில் பிறந்த தேதி இருக்கிறது. மென்பொருளுக்கு இன்னும் ஒரு நிபந்தனை சேர்த்திருந்தால் போதும். சேர்க்கச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் வரவில்லை.

மாடியைவிடக் கொடியது தூரம். மலக்பேட்டிலோ பேகம் பஜாரிலோ பூ கட்டி, காய்கறி நறுக்கிக் கொடுத்து, இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கும் ஒரு மூதாட்டியின் நாள் முழுவதும் அரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நடக்கும் தூரத்தில் பஸ்தி தவாகானா என்ற அரசின் சிறு மருத்துவ நிலையம். அங்கே ரத்த அழுத்த மாத்திரை. மாநில அரசின் ஆசரா முதியோர் ஓய்வூதியம் 2019லிருந்து மாதம் 2,016 ரூபாய்; அதில் வாழ முடியாது என்பதால்தான் பூ கட்டுகிறார். அதை 4,000 ஆக்குவதாக 2023 தேர்தலில் வாக்குறுதி கொடுத்தார்கள். மூதாட்டி அதையும் நம்பினார். கொல்லூருக்குப் போனால் பூவும் இல்லை, சந்தையும் இல்லை. 2023 டிசம்பரிலிருந்து பெண்களுக்கு அரசுப் பேருந்து இலவசம்தான். கிழவருக்கு அதுவும் கிடையாது. மெட்ரோ மியாப்பூரோடு நின்றுவிடுகிறது. இப்படிப்பட்டவர் புது வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய பஸ்தியில் மகள் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தால் அதற்கு ரத்து நோட்டீஸ் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

2024 செப்டம்பரில், மூசி ஆற்றைச் சீரமைக்கும் திட்டத்துக்காக, அதன் கரையில் இதே கதை இன்னும் அவசரமாக நடந்தது. சாதர்காட், மூசாநகர், சங்கர்நகர் சுவர்களில் சிவப்பு மையில் குறியிட்டு, குடும்பங்களை டபுள் பெட்ரூம் குடியிருப்புகளுக்கு மாற்றத் தொடங்கினார்கள். சிலருக்குப் பக்கத்திலேயே, மலக்பேட் பிள்ளிகுடிசெலு வளாகத்தில் இடம் கிடைத்தது. அவர்கள் பழைய தெருவோடு உறவு அறுபடாமல் தப்பினார்கள். நகருக்குள் வீடு கொடுக்க முடியும் என்பதற்கு அந்த வளாகமே சாட்சி.

இன்னொரு சாட்சி செகந்திராபாதில் இருக்கிறது. 2015 நவம்பரில் இந்தத் திட்டத்தின் முதல் மாதிரியாகத் திறந்த ஐ.டி.ஹெச். காலனியில் 396 வீடுகள். தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும் மட்டும். குடிசை இருந்த அதே இடம். அதையே மாதிரி என்று ஊருக்குக் காட்டினார்கள். காட்டியது இது, கட்டியது கொல்லூர். அதற்கும் முன்னால், 1908 மூசி வெள்ளத்துக்குப் பிறகு 1912இல் நிஜாம் அரசு அமைத்த நகர மேம்பாட்டு வாரியம், நகருக்குள்ளேயே மல்லேபள்ளி போன்ற இடங்களில் ஏழைகளுக்கு வீடு கட்டியது. மன்னராட்சிக்கு இருந்த அந்தத் தெளிவு நூறு வருடம் கழித்து எங்கே போயிற்று?

முடிவெடுக்கும் நாற்காலிகளில் ஆட்கள் மாறலாம், பழக்கம் மாறுவதில்லை. நகருக்கு வெளியே மலிவான நிலத்தில் கட்டி, தண்ணீரும் பேருந்தும் பிறகு வரும் என்று சொல்லி, ஆள் வராமல் வீடுகள் பாழாவதைப் பார்ப்பது ராஜீவ் கிருஹகல்பா என்ற பழைய வீட்டுத் திட்டத்தின் நாளிலிருந்து நடக்கிறது. வீட்டில் மட்டுமல்ல, முதியோருக்கான மற்றவற்றிலும் இதே பழக்கம்தான். உஸ்மானியா மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நகரத்து முதியோருக்கு அதுதான் கதி. 2020 ஜூலையில் மழைநீர் வார்டுக்குள் புகுந்து பழைய கட்டடத்தைப் பூட்டினார்கள். புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட 2025 ஜனவரி 31 வரை ஆயிற்று. நான்கரை வருடம் ஒரு அடிக்கல்லுக்கு! 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்றோர் தங்கும் முதியோர் இல்லம் பற்றிப் பேசுகிறது. 'அமைக்கலாம்' என்று சட்டத்தில் இருப்பதைச் 'சும்மாயிருக்கலாம்' என்று படித்துப் பழகிவிட்டார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் மாவட்டவாரியாக முதியோர் இல்லங்களின் விவரத்தைத் திரட்டச் சொல்ல வேண்டிய நிலை அப்படித்தான் வந்தது.

பிறகு வந்த இந்திரம்மா இல்லம் என்ற வீட்டுத் திட்டமும் முதலில் சொந்த மனை உள்ளவருக்குத்தான் 5 லட்சம் என்றது. வாடகை அறையில் கிடக்கும் விதவைக்கு மனை எங்கிருந்து வரும்? 2025 அக்டோபரில், பெற்றோரைக் கவனிக்காத அரசு ஊழியரின் சம்பளத்தில் 10 முதல் 15 விழுக்காடு பிடிக்கப்போவதாக அறிவித்தார்கள். மகனின் கடமையை நினைவூட்டுவது சரி. அரசின் கடமைக்கு யார் சம்பளத்தில் பிடிப்பது?

நடுத்தர வர்க்கமும் இதிலிருந்து தப்பவில்லை. பத்மாராவ் நகரில், ஸ்கந்தகிரி முருகனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றே ஒரு காலத்தில் வாங்கிய லிஃப்ட் இல்லாத மூன்று மாடி ஃபிளாட்டுகளில், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட தமிழ் முதியோர் எத்தனையோ பேர் சன்னலருகே உட்கார்ந்திருக்கிறார்கள். வசதி உள்ளவருக்குக் கோவைப் பாணியில் மூத்தோர் குடியிருப்புகள் உண்டு. அவற்றுக்கும் மத்திய அரசின் 2019 மாதிரி நெறிமுறை வெறும் அறிவுரைதான். மகாராஷ்டிர ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் அதைக் கட்டட நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது. இங்கும் ஆக்கலாம்.

2021இல் இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 13.8 கோடி, 2031இல் 19 கோடியைத் தாண்டும் என்று மத்திய அரசே கணித்திருக்கிறது. அவர்களில் தனியாக இருப்பவருக்கு இரண்டு படுக்கையறை வேண்டாம். கீழே ஒரு அறை, வழுக்காத குளியலறை, கைப்பிடி, கூப்பிடும் தூரத்தில் மனிதர்கள் போதும். சிங்கப்பூர் 2001இலிருந்து பழைய அடுக்குமாடிகளில் எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்கும்படி மாற்றத் தொடங்கியது. அட்மிரல்ட்டியில் முதியோருக்கென 104 சிறு வீடுகளைக் கட்டி, அதே கட்டடத்தில் உணவங்காடியையும் மருத்துவ மையத்தையும் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தையும் வைத்தது. அது பணக்கார நாடு என்று தள்ளிவிட முடியாது. கட்டுவதற்கு முன்னால் குடியிருக்கப்போகிறவரை நினைத்துப் பார்க்கக் காசு தேவையில்லை.

குலுக்கலின் விதியை மாற்றியாக வேண்டும். வயதானவர் விரும்பினால் கீழ் மாடிக்கோ, பழைய பஸ்திக்கு அருகிலோ வர வழி செய்ய வேண்டும். எப்படி என்பதை அரசு உட்கார்ந்து யோசிக்கட்டும். அதற்குத்தானே துறைகளும் ஆலோசகர்களும். மூசித் திட்டம் அடுத்தடுத்த கரைகளுக்கு நகரும்போது இன்னும் ஆயிரக்கணக்கான சுவர்களில் குறி விழும். அதற்குள்ளாவது பூட்டிய வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டப் போகிறவரின் கையில் ஒரு படிவம் கொடுத்து அனுப்புங்கள். அதன் முதல் வரியில் வயதைக் கேளுங்கள். இரண்டாவது வரியில், எத்தனை படி ஏற முடியும் என்று கேளுங்கள்.